கேத்தரின் கூல்மன்: குணமாகாதவர்களுக்காக அழுத போதகி

(நோயாளர் தினமாகிய பிப்ரவரி 11 அன்று, பங்கின் யூபிலி ஆண்டுக் கொண்டாட்டங்களை ஒட்டி, ஆலயத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் புனிதர் ஒருவரின் வரலாற்றை எடுத்துரைப்பது வழக்கம். அதிலும் இன்று லூர்து அன்னையின் திருநாள். பெர்னதெத்தம்மாளைப் பற்றியே பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். ஆனால் நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு பெண்ணின் வரலாறு. அவர் புனிதரல்லர். கத்தோலிக்கரும் அல்லர். நம்மைவிட்டுப் பிரிந்த சகோதரர்களின் சபையில் பிறந்து, மனைவியையும் மக்களையும் விட்டு வந்த ஒருவரை மணந்து, பின்னர் அவரையும் பிரிந்து வந்தவர். "இப்படிப்பட்டவரைப் பற்றியா சாமி கோயிலில் பேசப்போகிறீர்கள்?" என்று நம் உபதேசியாரே கேட்டுவிட்டார். பொறுமையாகக் கேளுங்கள், காரணம் உண்டு.

நம் பங்கிலிருந்து குணமளிக்கும் கூட்டங்களுக்குப் பலர் போய்வருகிறார்கள். சிலர் நம்மிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். பலர் கேட்காமலே போகிறார்கள். போய் வந்து, "சாமி, எனக்கு விட்டுப்போயிற்று" என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்களும் உண்டு. அந்த மகிழ்ச்சியைக் குறைகூற நாம் யார்? ஆனால் வேறு சிலர் கொண்டுபோன நோயோடு இன்னொரு நோயையும் சேர்த்துக்கொண்டு திரும்புகிறார்கள். "எனக்கு விசுவாசம் போதாதாம் சாமி. அதனால்தான் கர்த்தர் தொடவில்லையாம்" என்கிறார்கள். இந்த இரண்டாவது நோய்க்கு எந்த மருந்துக்கடையிலும் மருந்து கிடையாது. குணமளிக்கும் இயக்கத்தின் உள்ளேயே நின்றுகொண்டு, அந்த இயக்கத்தின் நடு மேடையிலேயே நின்றுகொண்டு, இந்த இரண்டாவது நோயைக் கண்டு கண்ணீர் விட்ட ஒரு பெண் இருந்தார். அவரே கேத்தரின் கூல்மன்.

அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்தில் கன்கார்டியா என்ற சிற்றூரை அடுத்த ஒரு பண்ணை வீட்டில், 1907ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அவர் பிறந்தார். ஜெர்மானிய வழிவந்த குடும்பம். தந்தை அவ்வூர் நகரத் தலைவராகவும் இருந்தவர். மகளிடம் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் அவருக்குப் பிரசங்கிமார் என்றாலே பிடிக்காது. எல்லாரும் காணிக்கைக்காகவே வாய் திறக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். அத்தகைய மனிதரின் மகளே பிரசங்கியானாள். ஆண்டவர் சில வேளைகளில் இப்படியும் செய்கிறார்.

14 வயதில், தாயோடு மெதடிஸ்டு கோயிலுக்குப் போயிருந்தபோது, காரணம் சொல்லத் தெரியாத ஒரு நடுக்கமும் அழுகையும் தம்மை ஆட்கொண்டதாகவும், அன்றே தம்மைக் கிறிஸ்துவுக்குக் கையளித்துவிட்டதாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லுவார். 10ஆம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. அக்காளும் அக்காள் கணவரும் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் பிரசங்கம் செய்பவர்கள். அவர்களோடு சேர்ந்து சில ஆண்டுகள் சுற்றினார். 1928இல் ஐடஹோ மாநிலத்து பாய்சி நகரில், பில்லியர்ட்ஸ் ஆடும் இடமாக இருந்து பின்னர் செபக்கூடமாக மாற்றப்பட்ட ஒரு சிறு கொட்டகையில், முதன்முதலாகத் தனியாக நின்று பிரசங்கம் செய்தார். அப்போது அவருக்கு வயது 21. அழைத்த ஊருக்கெல்லாம் போனார். தங்குவதற்கு வீட்டில் அறை இல்லை என்று ஒரு பண்ணையில் சொன்னபோது, அங்கிருந்த வான்கோழிக் கொட்டகையைக் கழுவிவிட்டு அதிலேயே படுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

பெண் ஒருத்தி வேதம் போதிப்பது அந்நாட்டிலும் எளிதாக இருந்ததில்லை. அவருக்கு முன்பு மரியா உட்வர்த்-எட்டர் என்ற பெண்மணியும், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1923இல் பெரிய ஆலயம் எழுப்பிய எய்மி செம்பிள் மக்பர்சனும் அப்பாதையில் நடந்து, புகழையும் ஏச்சையும் ஒருசேர வாங்கிக்கொண்டவர்கள். கேத்தரின் 1933இல் டென்வர் நகரத்துக்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில் அங்கே 2,000 பேர் அமரும் ஆலயம் எழுந்தது. அந்த உயர்வின் நடுவே, 1934 டிசம்பரில், பனி பெய்துகொண்டிருந்த சாலையில் மோட்டார் மோதி அவருடைய தந்தை இறந்தார். மகள் வந்து சேருமுன்பே உயிர் போய்விட்டது.

அதற்குப் பின்பு வந்தது அவர் வாழ்வின் இருண்ட பகுதி. டென்வர் ஆலயத்துக்குப் பிரசங்கம் செய்ய வந்தவர் பரோஸ் வால்ட்ரிப் என்பவர். மனைவியும் இரண்டு ஆண்மக்களும் உள்ளவர். அவர்களைக் கைவிட்டு, மணமுறிவு பெற்று, 1938 அக்டோபரில் அயோவா மாநிலத்து மேசன் சிட்டி நகரில் கேத்தரினை மணந்துகொண்டார். வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள். கேட்கவில்லை. டென்வர் சபை கலைந்தது. இருவரும் போன ஊரிலெல்லாம் செய்தி முன்னே போய் நின்றது. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து, லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தெரு ஒன்றில் அழுதுகொண்டே நடந்து போகையில், எதிரே 'இத்துடன் பாதை முடிகிறது' என்று எழுதிய பலகையைக் கண்டாராம். முட்டுச்சந்து! அன்று சனிக்கிழமை, மாலை 4 மணி. அந்த இடத்திலேயே தம்மை முழுவதும் ஆண்டவரிடம் ஒப்புவித்ததாகச் சொன்னார். வால்ட்ரிப்பை விட்டுப் பிரிந்தார்.

அவரைப் போற்றி எழுதப்பட்டவை பலவும் இந்தப் பகுதியை விரைவாகக் கடந்து போய்விடுகின்றன. நாம் அப்படிக் கடக்கலாகாது. கைவிடப்பட்ட அந்த மனைவியும் அந்த இரண்டு பிள்ளைகளும் யாருடைய மேடையிலும் ஏறிச் சாட்சி சொன்னதில்லை. அவர்களுடைய கண்ணீருக்கும் ஆண்டவரிடம் கணக்கு உண்டு. ஆயினும் தவறிய பாத்திரத்தை எறிந்துவிடாமல் எடுத்துப் பயன்படுத்துவதும் அவர் வழக்கமே. தாவீதரசரையும் இராயப்பரையும் நினைத்துக்கொள்வோம்.

1946இல் பென்சில்வேனியா மாநிலத்து ஃபிராங்க்ளின் என்ற ஊரில், யாரும் அறியாதவராகப் புதிதாகத் தொடங்கினார். நாம் இன்று இங்கே நின்று பேசுவதற்குக் காரணமான நிகழ்ச்சி அக்காலத்தில் நடந்ததே.

அக்கம்பக்கத்தில் உள்ள ஈரி நகரத்தில் ஒரு பெரிய கூடாரம் போட்டுக் குணமளிக்கும் கூட்டம் நடந்தது. நோய் நீங்கச் செபிப்பதைப் பற்றிக் கற்றுக்கொள்ளலாம் என்று கேத்தரின் அங்கே போய், கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து கவனித்தார். நோயாளிகள் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். பிரசங்கியார் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து உரக்கக் கத்தினார். குணமானதாகச் சொன்னவர்கள் ஒரு பக்கம். குணமாகாதவர்களுக்கோ, "உன்னிடம் விசுவாசம் இல்லை" என்ற ஒரே பதில். உள்ள பலத்தையெல்லாம் கூட்டி நடக்க முயன்று முடியாமல், சக்கர நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டவர்களின் முகத்தைக் கேத்தரின் பார்த்தார். பார்த்த முகம் மறக்கவில்லை. கூடாரத்தை விட்டு அழுதுகொண்டே வெளியே வந்தவர், பல வாரங்கள் அழுததாகச் சொல்லியிருக்கிறார். ஆண்டவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்களோ தெரியவில்லை என்று கல்லறையருகே மகதலா மரியம்மாள் புலம்பினாள் அல்லவா? அதே புலம்பலைத்தான் தாமும் புலம்பியதாக அவர் கூறினார்.

அழுததோடு நின்றுவிடவில்லை. வேதாகமத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விசுவாசம் என்பது மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு உண்டாக்கும் சரக்கல்ல, அது கடவுள் தரும் கொடை என்ற முடிவுக்கு வந்தார். குணமளிப்பவர் பரிசுத்த ஆவியானவரே, அவர் தமக்குச் சித்தமானபோது, சித்தமானவரிடத்தில் செயல்படுகிறார், பிரசங்கியின் கையில் ஒன்றுமில்லை என்று போதிக்கலானார். நம் ஞான உபதேசத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தக் கூடாரங்களின் உலகத்தில் அது புதுமையாகவே இருந்தது.

1947இல், இப்படிப் பரிசுத்த ஆவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் மறுநாள், ஒரு பெண் எழுந்து வந்தார். முந்தின நாள் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே தம் உடலிலிருந்த கட்டி மறைந்துவிட்டதாகச் சாட்சி சொன்னார். யாரும் அவர் தலையில் கைவைக்கவில்லை, வரிசையில் நிறுத்தவில்லை. சில வாரங்களில் இன்னொருவர் வந்தார். வார்ப்படத் தொழிற்சாலையில் உருகிய இரும்பு தெறித்துப் பார்வை கெட்டிருந்த தம் கண் தெளிந்ததாகச் சொன்னார். இவற்றைக் கேத்தரின் பிற்பாடு 1962இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். கூட்டம் பெருகியது. 1948 ஜூலை 4 அன்று பிட்ஸ்பர்க் மாநகரின் கார்னகி மண்டபத்தில் முதல் கூட்டம் நடந்தது. பிட்ஸ்பர்க்கிலேயே வந்து குடியேறும்படி மக்கள் கெஞ்சினார்கள். ஃபிராங்க்ளின் ஆலயத்தின் கூரையே இடிந்து விழுந்தால்தான் நான் இந்த ஊரைவிட்டு அசைவேன் என்றாராம். 1950 நவம்பரில் வரலாறு காணாத பனி கொட்டி, பாரம் தாங்காமல் கூரை விழுந்தது! அம்மையார் மூட்டை கட்டிக்கொண்டு பிட்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். வார்த்தையை அளந்து பேசவேண்டும் என்பதற்கு நம் பாட்டிமார் சொல்லும் கதை போல இருக்கிறதல்லவா?

ஏறத்தாழ 20 ஆண்டுகள் கார்னகி மண்டபத்திலும், அதன் பின்பு பிட்ஸ்பர்க்கின் முதல் பிரெஸ்பிட்டேரியன் ஆலயத்திலும் அவருடைய கூட்டங்கள் நடைபெற்றன. 1965 முதல் பத்தாண்டுக் காலம் கலிஃபோர்னியாவுக்கும் மாதந்தோறும் சென்று, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஷ்ரைன் அரங்கத்தில் ஏறத்தாழ 7,000 பேர் முன்னிலையில் பேசினார். வானொலியிலும் பேசினார். தொலைக்காட்சியில் மட்டும் 500 நிகழ்ச்சிகள். நெட்டையான மெல்லிய உருவம், செந்நிறக் கூந்தல், தரை புரளும் வெள்ளை அங்கி. நீட்டி முழக்கிப் பேசும் குரல் பலருக்குச் சிரிப்பை உண்டாக்கியதும் உண்மை. நெடுநேரம் பிரசங்கம் செய்வார். பிறகு திடீரென்று, மாடியில் இடது பக்கம் ஒருவருக்குக் காது திறந்திருக்கிறது, கீழே ஒருவருக்கு முதுகு நோய் தீர்ந்திருக்கிறது என்று அறிவிப்பார். அப்படி உணர்ந்தவர்கள் மேடைக்கு வந்து சொல்வார்கள். அவர் தொட்டதும் பலர் பின்னால் சாய்ந்து விழுவார்கள்.

நாம் கவனிக்கவேண்டியது இது: அந்தக் கூட்டங்களில் கத்தோலிக்கர் திரளாக இருந்தார்கள். குருக்களும் கன்னியரும் வந்திருந்தார்கள். வருகிறவர்களைத் தம் சபைக்கு இழுத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. உங்கள் உங்கள் கோயிலுக்கே திரும்பிப் போங்கள் என்றே சொல்லி அனுப்புவார். இப்போது நம் தெருக்களில் துண்டுப் பிரசுரம் கொடுப்பவர்களில் சிலர் இதைக் கற்றுக்கொண்டால் நல்லது. 1967 பிப்ரவரியில், அதே பிட்ஸ்பர்க் நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாகிய டுகேனின் மாணவர்கள் சிலர் தியானம் செய்தபோதுதான் நம் திருச்சபையின் அருங்கொடை இயக்கம் பிறந்தது. அதைக் கேத்தரின் தொடங்கிவைத்தார் என்று நாம் சொல்லவில்லை. ஒரே ஊரின் காற்று என்று மட்டும் சொல்வோம். 1972 அக்டோபரில் அவர் உரோமைக்குச் சென்றபோது, இன்று புனிதராக வணங்கப்படும் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை வத்திக்கானில் சந்தித்தார். பிரிந்த சபையைச் சேர்ந்த ஒரு பெண் போதகியைத் திருத்தந்தை வரவேற்றது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு நினைத்தும் பார்த்திருக்க முடியாத ஒன்று. அருங்கொடைகளை நன்றியோடு ஏற்கவேண்டும், அவை உண்மையானவையா என்று ஆராய்வது திருச்சபையை வழிநடத்துவோரின் கடமை என்று 1964இல் அச்சங்கம் திருச்சபையைப் பற்றிய ஏட்டில் கற்பித்திருந்தது. நன்றியும் வேண்டும், ஆராய்ச்சியும் வேண்டும்.

ஆராய்ச்சிக்கு வருவோம். மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் நோலன் என்ற அறுவை மருத்துவர், 1973இல் மினியாபொலிஸ் நகரில் நடந்த கேத்தரினின் கூட்டத்தில், சக்கர நாற்காலிகளைத் தள்ளும் உதவியாளராகத் தாமே சேர்ந்துகொண்டார். குணமானதாகச் சொன்னவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பின்னர் தொடர்ந்து விசாரித்தார். தாம் விசாரித்தவர்களில் உடல்நோய் நீங்கியவர் ஒருவரையும் காணவில்லை என்று 1974இல் நூல் எழுதினார். அதில் ஒரு பெண்ணின் கதை நம் நெஞ்சைப் பிளக்கும். புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தவர் அவர். மேடையில் நின்ற உற்சாகத்தில், முதுகுக்குப் போட்டிருந்த கட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாரும் ஆரவாரம் செய்ய, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார். மறுநாளே அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. சில மாதங்களில் இறந்துபோனார். கேத்தரின் ஏமாற்றுக்காரி என்று நோலன் எழுதவில்லை. நேர்மையான பெண்தான், நோய்களின் தன்மை அறியாதவர் என்றே எழுதினார். மறுபக்கம், கலிஃபோர்னியா மருத்துவர் ரிச்சர்ட் கேஸ்டார்ஃப், 10 பேரின் மருத்துவச் சான்றுகளைத் திரட்டி, இவை புதுமைகளே என்று 1976இல் நூல் வெளியிட்டார். இரண்டு மருத்துவர்களும் தொலைக்காட்சியில் வாதாடியதும் உண்டு.

இந்த வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. லூர்து நகரில் 1883 முதல் மருத்துவச் செயலகம் இருக்கிறது. குணமடைந்ததாக அங்கே பதிவுசெய்தவர்கள் 7,000 பேருக்கு மேல். அவற்றுள் புதுமை என்று ஆயர்கள் அறிக்கையிட்டவை 70ஐச் சற்றே தாண்டும். பல ஆண்டுகள் காத்திருந்து, பல மருத்துவர்கள் பார்த்து, அதன் பின்பே வாய் திறக்கிறார்கள். கேத்தரினுடைய மேடையில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று அவரும் சொல்லியிருக்கிறார். மருந்தையும் மருத்துவரையும் அவர் பகைத்தவரல்லர். ஆனாலும் மேடை என்பது பொல்லாத இடம். ஏழாயிரம் பேர் கைதட்டக் காத்திருக்கையில், "எனக்கு இன்னும் வலிக்கிறது" என்று சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? ஈரி நகரத்துக் கூடாரத்தில் அவர் பார்த்து அழுத அதே முகங்கள், அவர் அறியாமலே, அவருடைய கூட்டங்களிலிருந்தும் வீடு திரும்பியிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

இல்லை, அறியாமலே என்று சொல்வதும் முழுவதும் சரியல்ல. கூட்டம் முடிந்து, வந்தபடியே திரும்பிப் போகும் நாற்காலிகளைப் பார்ப்பதே தமக்குப் பெரிய வேதனை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சிலர் குணமாகிறார்கள், சிலர் குணமாவதில்லை, ஏன் என்று கேட்டவர்களிடம், எனக்குத் தெரியாது, மோட்சத்துக்குப் போனதும் ஆண்டவரிடம் நான் கேட்கப்போகும் முதற்கேள்வி அதுதான் என்பார். நோயாளியின் விசுவாசக் குறைவு என்று பழியை அவன் தலையில் போட்டுவிட்டுப் போவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். கூடாரம் போட்ட பலர் அப்படித்தான் செய்தார்கள். விசுவாசமே இல்லாதவர்கள் குணமானதையும், விசுவாசம் நிறைந்தவர்கள் நோயோடு போனதையும் கண்ணால் கண்டவர் அவர். தெரியாததைத் தெரியாது என்று ஏழாயிரம் பேர் முன்னால் சொன்னார். இதற்காகவே நாம் அவரை மதிக்கிறோம்.

இன்னும் ஒன்று. 1955இலேயே, உங்கள் இருதயம் வீங்கியிருக்கிறது என்று மருத்துவர்கள் அவரிடம் சொல்லிவிட்டார்கள். 20 ஆண்டுகள் அந்த இருதயத்தோடுதான் மணிக்கணக்காக மேடையில் நின்றார். 1975 நவம்பரில் ஷ்ரைன் அரங்கத்தில் கடைசிக் கூட்டம். டிசம்பர் இறுதியில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரின் மருத்துவமனையில் இருதய அறுவை. 1976 பிப்ரவரி 20 அன்று, 68ஆம் வயதில் அங்கேயே காலமானார். எத்தனையோ பேர் தங்களுக்குக் குணம் கிடைத்ததாகச் சொன்ன மேடைக்குரியவர், தம் நோயிலிருந்து எழவில்லை. சொத்தின் பெரும்பகுதியைக் கடைசிச் சில மாதங்களே நெருங்கிப் பழகிய ஒரு கார் வியாபாரிக்கு எழுதிவைத்திருந்தார் என்ற செய்தி வெளிவந்து, உடன் உழைத்தவர்களைத் திகைக்க வைத்தது. அதில் நாம் நேரம் போக்க வேண்டாம்.

அவருக்கும் விசுவாசம் போதவில்லையா? அப்படிச் சொல்ல யாருக்காவது நா எழுமா? புனித சின்னப்பர் தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி மூன்று முறை மன்றாடினார், நீங்கவில்லை. தம் தோழராகிய துரோப்பிமுவை நோயாளியாகவே மிலேத்து ஊரில் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குச் சிறிது திராட்சை இரசம் சாப்பிடச் சொன்னார். உன் விசுவாசத்தைக் கூட்டிக்கொள் என்று எழுதவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமல்ல என்றார் நம் ஆண்டவர். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் பார்த்தது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்று நற்செய்தி கூறுகிறது. அப்படியானால் விசுவாசம் குறைந்தது என்று கேட்கவேண்டியது படுக்கையில் கிடப்பவனிடமா, கட்டிலைச் சுமக்க வராத நம்மிடமா?

நாம் ஒரு வீட்டுக்கு நன்மை கொடுக்கப் போயிருந்தோம். இந்தப் பங்கு அல்ல, பழைய பங்கு ஒன்று. மகனுக்கு வலிப்பு நோய். அந்தத் தாய் மாத்திரைகளை நிறுத்திவிட்டிருந்தாள். "மாத்திரை கொடுத்தால் நான் ஆண்டவரை நம்பவில்லை என்றாகிவிடுமாம் சாமி" என்றாள். பையன் மூன்று நாளாகத் தொடர்ந்து வலிப்பு வந்து துவண்டு கிடந்தான். சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து, மருத்துவனைப் படைத்தவரும் கடவுளே, மருந்தை மண்ணிலிருந்து முளைக்கச் செய்தவரும் அவரே என்று வாசித்துக் காட்டி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம். பையன் பிழைத்தான். அந்தத் தாயிடம் அப்படிச் சொன்னவர் கேத்தரின் கூல்மனின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகையால் 'போகலாமா சாமி' என்ற கேள்விக்கு வருவோம். நோய் நீங்கச் செபிப்பது நல்லது. கூடிச் செபிப்பது இன்னும் நல்லது. அதற்கான ஒழுங்குகளைத் திருச்சபை 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏடாக வெளியிட்டுள்ளது. வெறியாட்டம், நாடகத்தன்மை, பரபரப்பு இவற்றுக்கு அங்கே இடமில்லை என்று சொல்லியிருக்கிறது. எந்தக் கூட்டமானாலும் இரண்டைப் பாருங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? குணமாகாதவனை எப்படி வீட்டுக்கு அனுப்புகிறார்கள்? முதலாவதற்கு ஆம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவதைப் பார்க்கவேண்டுமானால் கூட்டம் முடிந்த பிறகு வாசலில் கால்மணி நேரம் நில்லுங்கள்.

நம்மிடமும் குறை இல்லாமலில்லை. உங்களில் யாரேனும் நோயுற்றால் மூப்பர்களை அழையுங்கள், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிப்பார்கள் என்று புனித யாகப்பர் எழுதியது கூடாரக்காரர்களுக்கு அல்ல, திருச்சபைக்கு. ஆனால் நாம் அந்தத் திருவருட்சாதனத்தை 'அவஸ்தைப் பூசுதல்' என்று பெயரிட்டு, மூச்சு இழுக்கும் நேரத்துக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டோம். அது சாகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும் வேளையே ஏற்ற வேளை என்று சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. ஆறாம் சின்னப்பர் அதன் புதிய சடங்குமுறையை அங்கீகரித்து ஒப்பமிட்ட நாள் 1972 நவம்பர் 30, கேத்தரின் அவரைச் சந்தித்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும், எண்ணெய்ச் செப்போடு நாம் படியேறினால், "சாமி, அதற்குள்ளேயா? தாத்தா பயந்துவிடுவார்" என்று வாசலிலேயே மறிக்கிறீர்கள். தாத்தா பயப்படுவதில்லை. பயப்படுவது நீங்கள். போன மாதம் பூசுதல் பெற்ற ஒரு பெரியவர், மறுநாள் காலையில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தார். வேறொருவர் அதே வாரத்தில் அமைதியாகக் கண்மூடினார். இருவருக்கும் ஒரே எண்ணெய்தான், ஒரே செபந்தான்.

இன்று திருப்பலியின்போது நோயில் பூசுதல் நடைபெறும். இருதய நோய், சர்க்கரை நோய் முற்றியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், அறுவைக்குக் காத்திருப்பவர்கள், தள்ளாத முதியோர் ஆகியோர் பெறலாம். தலைவலி, சளி என்று யாரும் வரவேண்டாம். பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியவர்களுக்கு உதவிப் பங்குத்தந்தை சாக்கிறீஸ்து பக்கத்தில் இருக்கிறார். வீட்டிலேயே படுத்திருப்பவர்களின் பெயரை உபதேசியாரிடம் எழுதிக் கொடுங்கள், இவ்வாரத்துக்குள் வந்து பார்ப்போம். முன்வரிசைகளில் அமர்ந்திருக்கும் நோயாளிகள் யாரும் எழுந்து பீடத்தண்டை வரவேண்டியதில்லை. நெற்றியையும் உள்ளங்கைகளையும் காட்டினால் போதும், எண்ணெயை எடுத்துக்கொண்டு நாமே உங்களிடம் வருகிறோம்.